தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கார்பன் ஃபிரேம் பழைய பெட்ஷீட் ஒன்றில் சுற்றப்பட்டு, ஆட்டோவில் ஏறிப் பெரம்பூருக்குப் போய்விட்டது. ஜயன்ட் டிசிஆர் அட்வான்ஸ்டு, மீடியம் சைஸ், ரிம் பிரேக். 2016 கடைசியில் வாங்கியது. அதில்தான் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் ஏறினேன். என் முதல் 200 கிலோமீட்டர் பிரெவேயை, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டத்தை, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்ததும் அதில்தான். திருவான்மியூரில் கிளம்பி முட்டுக்காடு பாலத்தில் விடியலைப் பார்த்த காலைகளுக்குக் கணக்கே இல்லை.

என்னோடு ஓட்டுகிறவர்களில் நிறையப் பேர் இப்போது பழைய ஃபிரேமை விற்கவும் வாங்கவும் செய்கிறார்கள். விற்று முடிக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரத்தில் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

முதலில், ஏன் விற்றேன் என்று சொல்லிவிடுகிறேன். வாங்கப்போகிறவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வியே அதுதான். அந்த ஃபிரேமில் 25 எம்எம் டயர் போடலாம். 28 போட்டால் சில ரிம்களில் பிரேக்கில் உரசும். 32 நடக்கவே நடக்காது. நானோ இரண்டு வருஷமாக நீண்ட தூரம் ஓட்டத் தொடங்கிவிட்டேன். இரவெல்லாம் ஓட்டும்போது குழி கண்ணுக்குத் தெரியாது, கழுத்தும் மணிக்கட்டும்தான் அதைச் சொல்லும். அகல டயரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள வேறு சைக்கிளுக்கு மாறினேன். அதன் பிறகு டிசிஆர் ஹாலில் ஆணியில் தொங்கியது. மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடப் பிறந்த பொருள் அது. யாராவது ஓட்டட்டும் என்று முடிவு செய்தேன்.

இன்னொரு கதையையும் இங்கேயே சொல்ல வேண்டும். டிசிஆருக்கு முன்னால் என்னிடம் ஒரு கார்பன் ஃபிரேம் இருந்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எந்த பிராண்ட், விற்றவர் யார் என்பது இப்போது தேவையில்லை. படத்தில் பளபளவென்று இருந்தது, நேரில் அதைவிடப் பளபளவென்று இருந்தது. வலது செயின் ஸ்டேயில் ஒரு பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். செயின் உரசாமல் இருக்க எல்லாரும் ஒட்டுவதுதானே என்று நானும் தொடவில்லை. நாலு மாதம் கழித்து, அந்த ஸ்டிக்கரின் ஓரம் மழையில் உரிய ஆரம்பித்ததும் முழுசாகப் பிய்த்தேன். அடியில் குறுக்காக ஒரு கீறல், நகம் உள்ளே இறங்கியது. பருத்தித் துணியை வைத்துத் தேய்த்தேன். நூல் மாட்டி இழுத்தது. உள்ளே நார் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு முந்தின ஞாயிறுதான் ஏற்காட்டிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. விற்றவருக்கு போன் போட்டேன். "வாங்கும்போது பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் மனசில் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. என் முறை வரும்போது அதைச் சொல்லவே கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

ஸ்டீல் ஃபிரேம் அடிபட்டால் வளையும், நசுங்கும். அலுமினியத்தில் குழி விழும். கண்ணால் பார்த்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கார்பன் அப்படியில்லை. மெல்லிய கார்பன் நார்த் தாள்களைப் பிசினோடு சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு கோணத்தில், கையாலேயே அடுக்கி, அச்சில் வைத்துச் சூட்டில் இறுக்கிச் செய்வது அது. நார் ஓடும் திசையில் இழுத்தால் அதன் பலம் பிரமாதம். 1986இல் கிரெக் லெமாண்ட் ஜெயித்ததுதான் கார்பன் ஃபிரேமில் வந்த முதல் டூர் டி பிரான்ஸ் வெற்றி. அதற்குப் பின் இத்தனை வருஷமாக உலகத்தின் கடினமான பந்தயங்களை எல்லாம் தாங்கி வந்த பொருள். ஆனால் பக்கவாட்டில் ஒரே இடத்தில் ஓங்கி அடித்தாலோ, க்ளாம்ப் போட்டு நெரித்தாலோ, வெளியே பெயின்ட் அப்படியே இருக்க உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். அதனால் கார்பன் ஃபிரேமை விற்கிறவரின் கையில் இரண்டு பொருள் இருக்கிறது: ஒன்று ஃபிரேம், இன்னொன்று அதற்கு என்னவெல்லாம் நடந்தது என்ற கதை. கதையை ஒளித்துவிட்டு ஃபிரேமை மட்டும் விற்பது, பாதிப் பொருளைக் கொடுத்துவிட்டு முழு விலை வாங்குவது.

என் டிசிஆரின் கதையில் ஒரு விழுதல் உண்டு. 2019 நவம்பர். வடகிழக்குப் பருவமழை ஒரு நாள் விட்டிருந்தது. கோவளம் தாண்டி வளைவு ஒன்றில், மழை அடித்துக்கொண்டு வந்து போட்ட மணல் ரோட்டோரம் பரவிக் கிடந்தது. முன்சக்கரம் அதில் ஏறியது, வலது பக்கமாகச் சரிந்தேன். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிளுக்கு டெரெய்லர் ஹேங்கர் வளைந்தது. அது வளைவதற்காகவே வைத்த பாகம், மாற்றிவிட்டோம். கவலைப்படுத்தியது வேறொன்று. ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பி, பிரேக் லீவர் டாப் ட்யூபில் போய் இடித்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தழும்பு.

எங்கள் மெக்கானிக் அண்ணன் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட்டை, தண்ணீர் தொட்டு, 800 நம்பர் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து எடுத்தார். ஒவ்வொரு நாலு தேய்ப்புக்கும் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார். அரைமணி நேரம் ஆனது. அடியில் நார் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கோடு கோடாக, அறாமல், ஒழுங்காக ஓடியது. அதன் மேல் நிறமில்லாத வார்னிஷ் பூசினோம். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த இடத்தை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்தேன். கொல்லிமலை ஏறியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். தழும்பு ஒரு மில்லிமீட்டர்கூட வளரவில்லை.

விற்பதற்காகப் பாகங்களைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. வாட்டர் பாட்டில் கூண்டு மாட்டும் இரண்டு ஓட்டைகளில் கீழே உள்ளதைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. அந்த மரை அலுமினியம், சுற்றி இருப்பது கார்பன். இரண்டும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். ஈசிஆரில் கடற்காற்றும் நம் வியர்வையும் சேர்ந்து அதைத்தான் செய்கின்றன. சென்னையில் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து வருஷத்துக்கு ஒருமுறையாவது எல்லா போல்ட்டையும் கழற்றி, துடைத்து, க்ரீஸ் வைத்து மாட்டுங்கள். சீட் போஸ்ட்டுக்கு மட்டும் க்ரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் வையுங்கள். நான் பாட்டில் கூண்டின் போல்ட்டை வருஷக்கணக்கில் கழற்றவில்லை. அதையும் விளம்பரத்தில் எழுதினேன்.

விளம்பரம் எழுத ஒரு முழு சனிக்கிழமை ஆனது. சமையலறைத் தராசில் நிறுத்தேன்: வெறும் ஃபிரேம் 1,060 கிராம். அளவுகளை எழுதும்போது கவனமாக இருந்தேன். டிசிஆரின் டாப் ட்யூப் பின்னால் சரிந்து இறங்கும். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் மைக் பர்ரோஸ் 1990களில் ஜயன்டுக்காகக் கொண்டுவந்த வடிவம் அது. பின்பக்க முக்கோணம் சின்னதாகி, எடை குறைந்து, விறைப்பு கூடியது. இன்று பெரும்பாலான ரோடு பைக்குகள் அந்த வழியில்தான் வருகின்றன. ஆனால் இப்படிச் சரிந்த ஃபிரேமில் சீட் ட்யூபின் நீளத்தை மட்டும் சொன்னால், வாங்குகிறவருக்குத் தனக்குப் பொருந்துமா என்று தெரியாது. டாப் ட்யூபைக் கிடைமட்டமாக அளந்து சொல்ல வேண்டும். ஸ்டாக், ரீச் இரண்டும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்டியரரின் நீளத்தைச் சொல்ல வேண்டும். ஃபோர்க்கின் அந்தக் குழாயை ஒருமுறை வெட்டிவிட்டால் நீட்ட முடியாது. என்னுடையதை என் முதுகுக்கு ஏற்றாற்போல் வெட்டியிருந்தேன், ஸ்டெம்முக்கு அடியில் 10 எம்எம் ஸ்பேசருக்குத்தான் இடம் மிச்சம். சீட் போஸ்ட்டும் வட்டமில்லை, அந்த மாடலுக்கே உரிய வடிவம். அது இல்லாமல் ஃபிரேமை மட்டும் கொடுத்தால் வாங்கியவர் தவித்துப்போவார். அதனால் போஸ்ட், அதை இறுக்கும் ஆப்பு, ஒரு புது ஹேங்கர் எல்லாம் சேர்த்துத்தான் விலை சொன்னேன்.

படங்கள் இருபத்திரண்டு. அதில் பதினொன்று குறைகளின் படம். பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டுக்கு (பிபி) அடியில் உள்ள சீரியல் நம்பரைக் காட்டும் படம் ஒன்று. அதைக் காட்டாமல் விற்கிறவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள், திருட்டு சைக்கிளாக இருக்கலாம். 2019இல் விழுந்த கதை முழுசாக. கம்பெனியின் ஃபிரேம் வாரன்ட்டி முதலில் வாங்கியவருக்குத்தான், உங்களுக்கு வராது என்று ஒரு வரி.

என்னோடு பத்து வருஷமாக ஓட்டும் நண்பன் அதைப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டான். "விழுந்ததை எல்லாம் எதுக்குடா போடுற? கேட்டா சொல்லு. கேக்கலைன்னா விட்டுடு. பத்தாயிரம் குறைஞ்சுடும்." அவன் நல்லவன், என் பணம் போகிறதே என்ற அக்கறையில் சொன்னான். ஆனால் கேட்கத் தெரியாதவர்தான் முதல் கார்பன் ஃபிரேமை வாங்க வருவார். நானும் அப்படித்தான் போனேன். ஸ்டிக்கரைப் பிய்க்கவா என்று கேட்கத் தெரியவில்லை. அவனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சரி, ஹேங்கர் என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, அதையும் சேர்த்துக் குடு" என்றான்.

36,000 ரூபாய் என்று போட்டேன். ரிம் பிரேக் ஃபிரேமுக்கு இப்போது மவுசு குறைந்துவிட்டது. 2018 ஜூலையில் சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யுசிஐ, ரோடு பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுசாக அனுமதித்தது. அதோடு காற்று மாறிவிட்டது. ஷிமானோவின் 12 ஸ்பீட் 105 க்ரூப்செட் டிஸ்க்குக்கு மட்டுமே வருகிறது. அதனால் இதை வாங்குகிறவருக்கு 11 ஸ்பீடில் நல்ல பழைய க்ரூப்செட் ஒன்றும் கிடைக்க வேண்டும். அதையும் நினைத்துத்தான் விலை வைத்தேன்.

முதல் வாரம் பதினாறு பேர் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் விழுந்ததைப் படித்துவிட்டு நன்றி சொல்லி விலகினார்கள். வேளச்சேரியிலிருந்து ஆறடிக்கு மேல் உயரமான ஒருவர் வந்தார். ஃபிரேமைக் கையில் தூக்கியதும் முகமெல்லாம் மலர்ந்தது. எனக்கோ பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அவருக்கு இது சின்னது. நீளமான ஸ்டெம் போட்டுக்கொள்கிறேன், போஸ்ட்டை ஏற்றிக்கொள்கிறேன் என்றார். போஸ்ட்டில் குறைந்தபட்ச அளவுக் கோடு ஒன்று உண்டு, அதற்கு மேல் ஏற்றினால் ஃபிரேமே பிளக்கும் என்று காட்டினேன். மனசில்லாமல்தான் போனார். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், பார்க்கவே வேண்டாம், முழுப் பணத்தையும் இப்போதே அனுப்புகிறேன், கூரியரில் போடுங்கள் என்றார். தழும்பைத் தட்டிக் காட்டும் வீடியோவை அனுப்பி, முதலில் இதைப் பாருங்கள், பிறகு அனுப்புங்கள் என்றேன். பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். பரவாயில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவும் மகனும் வந்தார்கள். மகனுக்கு இருபத்துமூன்று இருபத்துநாலு வயது இருக்கும். அலுமினிய சைக்கிளில் இரண்டு வருஷமாக ஓட்டுகிறான், ஏற்றத்தில் வேகமாகப் போகிறவன் என்று தெரியும். அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு, கையில் மஞ்சப்பை. உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. ஃபிரேமைப் பார்த்தபடியே நின்றார்.

"சார், இது உடைஞ்சா எப்படி உடையும்?" என்று கேட்டார்.

ஆறு வாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். இரும்பு மாதிரி வளைந்து எச்சரிக்காது, பல சமயம் திடீரென்று போகும், அதனால்தான் முன்னாலேயே பார்க்க வேண்டும் என்றேன். எப்படிப் பார்ப்பது என்றார். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து டாப் ட்யூபில் தட்டிக் காட்டினேன். நல்ல கார்பன் 'டிக் டிக்' என்று கூர்மையாகப் பேசும். அடுக்கு பிரிந்திருந்தால் 'தொப்' என்று மந்தமாகிவிடும்.

அவர் முகம் மாறியது. "குடுங்க" என்று நாணயத்தை வாங்கினார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வண்டிச் சக்கரத்தை நீளக் கைப்பிடிச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்கக் கற்றுக்கொண்டாராம். கணீர் என்றால் சக்கரம் நல்லது, செத்த சத்தம் வந்தால் விரிசல். "கேக்கறது காது இல்ல சார், கை" என்றார். ஃபிரேமைத் தரையில் விரித்த போர்வையில் கிடத்தி, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இடது செயின் ஸ்டேயில் ஒரு அங்குலத்துக்கு ஒரு தட்டு. பிறகு வலதில் அதே இடம். ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். குழாயின் தடிமன் மாறும் இடங்களில் சத்தம் இயல்பாகவே மாறும், அதனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதுதான் சரி. யாரும் சொல்லாமல் அவராகவே செய்தார். மின்விசிறியை அணைக்கச் சொன்னார். மகன் எழுந்து அணைத்தான். வியர்த்துக் கொட்ட, மூன்று பேரும் மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தழும்பு இருந்த இடத்தில் இருபது தடவையாவது தட்டியிருப்பார். அதைச் சுற்றி வட்டமாக, பிறகு நடுவில். பாட்டில் கூண்டு ஓட்டையருகே வந்ததும் நிறுத்தினார். "இங்க கொஞ்சம் வேற மாதிரி பேசுது." கொப்பளித்த இடம்தான். உள்ளே அலுமினிய மரை இருப்பதால் சத்தம் மாறும், ஆனால் அரிப்பும் இருக்கிறது, படத்தில் போட்டிருக்கிறேன் என்றேன். தலையாட்டினார்.

காசுத் தட்டல் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடாது என்றும் அவரிடம் சொன்னேன். பணம் இப்போது வேண்டாம், உங்கள் மெக்கானிக்கிடம் நானே எடுத்துவருகிறேன் என்றேன். புதன்கிழமை புரசைவாக்கத்தில் அவர்கள் வழக்கமாகப் போகும் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் பையன் போனில் மாட்டும் சின்னக் குழாய் கேமராவைப் பிபி வழியாக உள்ளே விட்டுப் பார்த்தான். ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டெம் இறுகும் இடத்தில் ஸ்டியரரைத் துடைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பயப்பட வேண்டிய இடம் உண்மையில் அதுதான். அது போனால் ஹேண்டில்பார் கையோடு வந்துவிடும். ஸ்டியரர் சுத்தம். பாட்டில் கூண்டின் கீழ் மரையை மட்டும் மாற்றிவிடலாம் என்றான்.

அந்த மரைக்காக நானே 4,000 குறைத்துக்கொண்டேன். 32,000. மகன் ஜிபேயில் அனுப்பினான். பழைய பில், சீரியல் நம்பர், விழுந்த தேதி, மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்பா அதை நாலாக மடித்துக் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். காரின் பின்னால் மாட்டும் ரேக்கில் டாப் ட்யூபை க்ளாம்ப் போடவே கூடாது, ரிப்பேர் ஸ்டாண்டிலும் போஸ்ட்டைத்தான் பிடிக்க வேண்டும் என்று மகனிடம் இரண்டு தடவை சொன்னேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் என்று அந்தந்தப் பாகத்திலேயே எழுதியிருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வைக்காதே என்றும் சொன்னேன்.

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். ஹாலில் அந்த ஆணி இன்னும் இருக்கிறது.

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பாவிடமிருந்து போன். மகன் பின்னாலிருந்து ஏதோ சொல்வதும் கேட்டது. "சார், அந்த ரெஞ்ச் வாங்கிட்டோம். ஸ்டெம்முல 5 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கு, அஞ்சுல வச்சேன். 'டக்'குனு ஒரு சத்தம் வந்துச்சு. அதோட விட்டுடணும் இல்ல?"

விட்டுடணும் சார், என்றேன்.

"விட்டுட்டேன்" என்றார். "இப்ப அடுத்த போல்ட்டு."